நல்ல டிராம் அருங்காட்சியகம் எதைக் காட்ட வேண்டும்?

டிராம் வண்டியை மட்டும் தனியே கொண்டுவந்து ஒரு கூடத்தில் நிறுத்தினால் அது பாதி டிராம்தான். மீதிப் பாதி தெருவில் இருக்கிறது: தரையோடு தரையாகப் பதிந்த தண்டவாளம், தலைக்கு மேல் செல்லும் மின்கம்பி, அந்தக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பிய நிலையம், காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்த நடத்துநர், விடியுமுன் ஆலைக்குப் போக அதில் ஏறிய தொழிலாளி. நீராவி எஞ்சினைக் கொட்டகைக்குள் நிறுத்தினாலும் பார்ப்பவருக்கு ஒரு மலைப்பு வரும்; டிராமுக்கு அந்தக் கம்பீரம் கிடையாது. (டிராம் பிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதுதான்.) ஆகவே ஒரு டிராம் அருங்காட்சியகம் அந்த மீதிப் பாதியில் எவ்வளவைக் கண்ணுக்குக் காட்டுகிறது என்பதை வைத்தே நான் அதை எடைபோடுகிறேன்.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது இங்கிலாந்தின் டார்பிஷயரில் கிரிச் என்ற ஊரிலுள்ள தேசிய டிராம் அருங்காட்சியகம். 1948இல் சவுத்தாம்ப்டன் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போன ஆர்வலர்கள் சிலர், கழித்துக்கட்டப்படவிருந்த 45ஆம் எண் வண்டியைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கினார்கள். பிரிட்டனின் நகரங்கள் ஒவ்வொன்றாக டிராமைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஷெஃபீல்டில் 1960இலும் கிளாஸ்கோவில் 1962இலும் கடைசி வண்டிகள் ஓடி முடிந்தன. வாங்கிய வண்டிகளை வைக்க இடம் தேடிய அந்த ஆர்வலர்களின் சங்கம், ஒரு காலத்தில் ரயில்வே முன்னோடி ஜார்ஜ் ஸ்டீபன்சன் சுண்ணாம்புக்கல் எடுத்த குவாரி ஒன்றை 1959இல் கண்டடைந்தது. 1963இல் குதிரை டிராமும் அடுத்த ஆண்டு மின்சார டிராமும் அங்கே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கின. தெருவே இல்லாத குவாரியில் ஒரு தெருவையே கட்டினார்கள் என்பதுதான் இதில் என்னைக் கவர்ந்த செய்தி. தீ விபத்தில் சேதமடைந்த டார்பி நகரக் கூட்ட அரங்கின் பதினெட்டாம் நூற்றாண்டு முகப்பைக் கல் கல்லாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்டோக் நகரிலிருந்து ஒரு மதுவிடுதியையும் பெயர்த்து வந்தார்கள்.

நுழைவுக் கட்டணம் செலுத்தியதும் கையில் ஒரு பழைய பென்னி நாணயத்தைத் தருகிறார்கள். 1971இல் பிரிட்டன் தசம நாணய முறைக்கு மாறுவதற்கு முன் புழங்கிய, உள்ளங்கையில் கனமாக உட்காரும் பெரிய வெண்கலக் காசு அது. அதை நடத்துநரிடம் கொடுத்தால் அவர் சீட்டுத் தருவார். அந்தச் சீட்டைக் காட்டி அன்று முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். வாசலிலேயே சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் காசை நீட்டுவதும் சீட்டை வாங்குவதும் டிராம் பயணத்தின் ஓர் அங்கம் என்பதை யாரோ யோசித்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்துப் பலகைகள் சொல்லாததை அந்தக் காசு சொல்லிவிடுகிறது.

பயணம் என்னவோ ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். ஆனால் பழைய டிராமில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் பாதையின் இரு முனைகளில்தான் நடக்கின்றன. வண்டியைத் திருப்பும் வசதி தேவையில்லாதபடி இரு பக்கமும் ஓட்டுநர் மேடை இருக்கும். ஓட்டுநர் தம் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். நடத்துநர் இருக்கைகளின் முதுகுப் பலகைகளை ஒவ்வொன்றாக மறுபுறம் தள்ளிக்கொண்டே போவார், அந்த மரப்பலகைகள் வரிசையாகத் தட்டும் ஓசை கேட்கும். மின்சாரம் எடுக்கக் கூரைமேல் நிற்கும் கம்பத்தையும் மேல்கம்பியிலிருந்து இறக்கி எதிர்த்திசைக்கு மாற்றிவிட வேண்டும். புறப்படும்போது ஓட்டுநரின் இடது கையைக் கவனித்தால், கைப்பிடி ஒவ்வொரு பல்லாக நகர்வது தெரியும். முதல் சில நிலைகளில் இரண்டு மோட்டார்களும் தொடரிணைப்பில் மெதுவாக இழுக்கும். அதன்பின் பக்க இணைப்புக்கு மாறி வேகம் எடுக்கும். பள்ளிக்கூட இயற்பியல் பாடத்தை உடம்பால் உணரும் இடம் இது. அந்தக் கைப்பிடி பொருந்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றையும் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்து, பார்வையாளரே கைப்பிடியைச் சுழற்றிப் பார்க்க விட்டால், உள்ளே செம்பு விரல்கள் உருளையைத் தொட்டுத் தொட்டு விலகுவதைக் கண்டு எல்லாம் புரிந்துவிடும். இந்தச் சிறு ஏற்பாட்டைச் செய்யாமல் சுவரில் மின்சுற்றுப் படம் ஒட்டிவைக்கும் இடங்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

தெருவைக் காட்டுவதில் இன்னொரு பயன் உண்டு. பிரிட்டனின் 1870ஆம் ஆண்டு டிராம்பாதைச் சட்டப்படி, தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலைப் பகுதியையும் அவற்றின் இருபுறமும் பதினெட்டு அங்குலத்தையும் டிராம் நடத்துபவரே தம் செலவில் பராமரிக்க வேண்டும். அந்தப் பரப்பின் மேல் பேருந்தும் வண்டிகளும் தாராளமாக ஓடின. உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு பாதையை வாங்கிக்கொள்ளலாம் என்ற விதியும் இருந்ததால், தனியார் நிறுவனங்கள் பணத்தைக் கொட்டத் தயங்கின. டிராம் ஏன் மறைந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் ‘மோட்டார் வாகனங்கள் பெருகின’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. தண்டவாளத்தை ஒட்டிப் பதித்த சதுரக் கற்களைச் சுட்டிக்காட்டி, இவற்றுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒரு பலகை வைத்தால் பாதிக் கதை அங்கேயே விளங்கும்.

வண்டியை ஓட்டினால் அது தேயும். இது நியாயமான ஆட்சேபம். சக்கரத்தின் எஃகு வளையம், தாங்கிகள், கட்டுப்பாட்டுப் பெட்டியின் செம்பு முனைகள் எல்லாம் தேய்ந்து தேய்ந்து மாற்றப்படும்; சில பத்தாண்டுகளில் மூல வண்டியில் எஞ்சியிருப்பது எது என்ற கேள்வி எழும். எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். மூலச் சாயமும் மூல இருக்கைகளும் கலையாமல் தப்பிய வண்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஆனால் பல வண்டிகள் அப்படித் தப்பியவை அல்ல. கிரிச்சில் உள்ள லெஸ்டர் நகரின் 76ஆம் எண் வண்டி, சேவை முடிந்தபின் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் வீரர்களின் ஓய்வறையாக இருந்தது. இப்படி வெறும் கூடாக மீண்டவற்றுக்கு மரமும் சக்கரமும் மோட்டாரும் வேறிடத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அவற்றை ஓடாமல் பாதுகாப்பதில் பெரிய தர்மம் எதுவும் இல்லை. எந்தப் பாகம் பழையது, எது புதியது என்பதை மறைக்காமல் எழுதிவைத்தால் போதும். கிரிச்சின் பணிமனையில் மேல்மாடத்தில் நின்று, கழற்றிப் போட்ட வண்டிகளில் வேலை நடப்பதைப் பார்வையாளர் பார்க்கலாம். தேய்மானத்தைக் குறையாக ஒளிக்காமல் காட்சியாக்கிவிட்டார்கள்.

எல்லா ஊர்களாலும் குவாரியில் தெருக் கட்ட முடியாது. சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் கார் (தெருவில் வடத்தால் இழுக்கப்படும் வண்டி) அருங்காட்சியகம் ஒரு வண்டியையும் ஓட்டிக் காட்டுவதில்லை. அந்த நகரத்து வண்டிகளை இன்றும் இழுக்கும் இயந்திரக் கூடத்திற்குள்ளேயே அது அமைந்திருக்கிறது. 510 குதிரைத்திறன் கொண்ட நான்கு மோட்டார்கள், தெருவுக்கு அடியில் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் எஃகு வடங்களைப் பெரிய சக்கரங்களின் வழியே சுழற்றுவதை இலவசமாகப் பார்க்கலாம். லிஸ்பனில் நகர டிராம்களை நடத்தும் காரிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகம் பணிமனை வளாகத்தின் இரண்டு இடங்களில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வையாளரைப் பழைய டிராமிலேயே அழைத்துப்போகிறார்கள். இட நெருக்கடியையே வசதியாக்கிக்கொண்ட சாமர்த்தியம்!

விளக்கப் பலகைகளில்தான் பல இடங்கள் சறுக்குகின்றன. நான் பார்த்த ஓர் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு வண்டியின் முன்னும் தயாரிப்பாளர் பெயர், சக்கரச் சட்டத்தின் வகை, மோட்டாரின் திறன் ஆகியவை மட்டுமே இருந்தன. வண்டி எந்தத் தெருவில் ஓடியது, கட்டணம் எவ்வளவு என்ற தகவல் எங்கும் இல்லை. ஏற்கெனவே தெரிந்தவருக்காக எழுதிய பலகை தெரியாதவரை வெளியே நிறுத்திவிடுகிறது. உயரமான படிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பழைய வண்டிகளில் சக்கர நாற்காலி ஏறவே முடியாது. இதற்காகவே கிரிச்சில் 1969இல் கட்டப்பட்ட பெர்லின் வண்டி ஒன்றில் மின்தூக்கி பொருத்தி ஓட்டுகிறார்கள். அன்றைக்கு எந்த வண்டிகள் ஓடுகின்றன, அடுத்தது எப்போது என்பதை வாசலில் எழுதிவைப்பதும் நிழலில் நாலு பெஞ்சு போடுவதும் செலவில்லாத உதவிகள்.

நம் நாட்டில் கொல்கத்தாவின் எஸ்பிளனேடு பகுதியில் 2014இல் திறக்கப்பட்ட ‘ஸ்மரணிகா’ டிராம் அருங்காட்சியகம், 1938இல் கட்டிய ஒரு டிராமுக்குள்ளேயே இருக்கிறது: ஒரு பெட்டியில் சிற்றுண்டி, மற்றதில் பழைய சீட்டுகள், தொப்பிகள், வில்லைகள், படங்கள். அளவில் மிகச் சிறியது; ஆனால் சுற்றிலும் உண்மையான டிராம்கள் வந்து திரும்பிக்கொண்டிருந்ததால், அந்த மீதிப் பாதி அதற்குச் சும்மாவே கிடைத்திருந்தது. 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானம் என்ற பெரிய திடலுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலான தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த ஒரு தடத்தையாவது ஒழுங்காக ஓட்டி, ஸ்மரணிகாவின் நுழைவுச்சீட்டிலேயே மைதானம் வரை போய்வரும் பயணத்தையும் சேர்த்துவிட்டால், புதிய கட்டடமோ தொடுதிரையோ அதற்குத் தேவைப்படாது.