பொறுமையா இருங்க, டீச்சர்

"பொறுமையா இருங்க, டீச்சர். இது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொறுப்பு. அல்லாஹ் கூலி தருவான்."

லீவு எடுத்தவரின் வகுப்புக்குப் போக வேண்டியவர் பெயரை எழுதும் ரிலீஃப் புத்தகத்தில் மூன்றாவது நாளாகத் தன் பெயரைக் கண்டு அலுவலகத்துக்கு வந்த ஆசிரியைக்கு அதிபர் சொன்னது. முஸ்லிம் பாடசாலைகளில் இருப்பவர்களுக்குப் பழகிய பதில்தான். மனதாரத்தான் சொன்னார். காலையில் நாலு பேர் லீவு என்றால் தரம் 7ஐ யாரிடம் விடுவது?

ஆனால் கணக்கு இடிக்கிறது. கிழமைக்கு 40 பாடவேளை. 32 படிப்பிப்பவருக்கு மிச்சம் 8. நாளுக்கு ஒரு ரிலீஃப் என்றால் கையில் 3. திருத்தாத கொப்பிகள் வீட்டுக்குப் போகும். அங்கே பிள்ளையைப் பார்க்க ஆசிரியையின் உம்மா இல்லை, அவர் புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் இங்கே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் சிலர் திரும்பினாலும் பலர் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் ஆசிரியை அதிபரிடம் சொன்னாரா? இல்லை. தலையிடி என்றார், அவ்வளவுதான். கதவைச் சாத்திப் பேச வழியில்லை. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பது மார்க்கத்தில் கூடாது. அறைக்குள் கிளார்க், வாசலில் கையெழுத்துக்கு இரண்டு பேர். அந்த இடத்தில் கேட்டால் பொறுமையைத் தவிர வேறு என்ன பதில் வரும்?

அந்த வகுப்புகளுக்குப் பொறுப்பான பெண் பகுதித் தலைவி முதலில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கேட்டது பாடசாலைப் பதிவேடான லொக் புத்தகத்தில் ஏறக்கூடாது. இதுவும் முழுசாக நடக்காது. சின்னச் சமூகம், பகுதித் தலைவியே மச்சியாக இருப்பார். அப்போது முகம் தெரியாதவரிடம் பேச 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம்தான் உதவும். குர்ஆன் ஓதிப் பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். ஆனால் தூக்கமும் சாப்பாடும் இரண்டு கிழமையாகக் குழம்பியிருந்தால் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் போகச் சொல்ல வேண்டும். அதற்கு எடுக்கும் அரைநாள் லீவுக்கு நாலு பேர் முன்னால் காரணம் கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

ரிலீஃபுக்கு ஒரு வரம்பு போதும்: ஒருவருக்குக் கிழமைக்கு இரண்டு, அடுத்தடுத்த நாளில் இல்லை. அதற்கு மேல் வந்தால் இரண்டு வகுப்பை மண்டபத்தில் சேர்த்து உட்கார்த்துவது. படிப்பு நடக்காது, உண்மை. களைத்துப்போனவர் நிற்கும் வகுப்பில் மட்டும் நடக்கிறதா என்றால், சில நாள் நடக்கத்தான் செய்கிறது. அங்கேதான் எனக்கு வாதம் தளர்கிறது. சிலருக்கு அந்தப் பொறுமை என்ற சொல்லே மருந்தாகவும் இருந்திருக்கிறது.

அந்த ஆசிரியை "சரி சேர்" என்று வகுப்புக்குப் போனார். மறுநாள் ரிலீஃப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. பக்கத்து வகுப்பு டீச்சரின் பெயர் இருந்தது.