முதலில் விரல், அப்புறம்தான் வேர்டு

போனில் இரண்டு கட்டைவிரலாலேயே பக்கம் பக்கமாக மெசேஜ் அடிக்கிற பிள்ளைகள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துவதை அடிக்கடி பார்க்கிறேன். நான் இருப்பது திருப்பூரில், பனியன் ஏற்றுமதி சார்ந்த ஒரு சின்ன அலுவலகம். புதிதாக வருகிறவர்களிடம் டிகிரி இருக்கிறது, எம்எஸ் ஆபீஸ் படித்த சான்றிதழும் இருக்கிறது, ஆனால் ஒரு கொட்டேஷனும் அதற்கு ஒரு கவரிங் லெட்டரும் அடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் வரிசையாகச் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர்களுக்கு முதல் பாடம் மறக்கவே மறக்காது: இடது கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. இதையே பக்கம் நிறைய அடிக்க வைப்பார்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு மாற்று இல்லை. உங்கள் கீபோர்டில் எஃப், ஜே இரண்டின் மேலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். கண் பார்க்காமலே ஆள்காட்டி விரல்கள் வீடு திரும்பத்தான் அது. எந்த எழுத்துக்குப் போனாலும் விரல் அங்கே திரும்பி வர வேண்டும், அது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கை பழகும்வரை கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அடியுங்கள், குனிந்து பார்க்கும் ஆசையே வராது.

வேகம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அரசு டைப்ரைட்டிங் தேர்வில் ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஐந்து தட்டு ஒரு வார்த்தைக் கணக்கு. அலுவலக வேலைக்கு 30 வந்தாலே தாராளம். வேகத்தைவிடப் பெரிய லாபம், கண் தாளிலேயே இருப்பதுதான். சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஸ்டைல் நம்பரையும் சைஸ் வாரியான எண்ணிக்கையையும் பார்த்து பேக்கிங் லிஸ்ட் அடிக்கும்போது, தாள், கீபோர்டு, திரை என்று மூன்றுக்கும் கண் ஓடினால் எங்காவது ஒரு வரி விட்டுப்போகும். 1888-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த ஒரு போட்டியில், விசைகளை மனப்பாடமாக வைத்திருந்த ஃபிராங்க் மெக்குரின் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர், பார்த்துப் பார்த்து அடித்த லூயிஸ் டிராப் என்பவரைத் தோற்கடித்தார். பார்க்காமல் அடிக்கும் முறை பரவலாகப் பேர் வாங்கியதே அதற்கப்புறம்தான்.

எண்களை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். வியாபாரக் காகிதத்தில் முக்கால்வாசி எண்தானே? வலது பக்கத்து எண் பலகையில் 5-ன் மேலும் ஒரு மேடு உண்டு, நடுவிரல் அங்கே நிற்க வேண்டும். விலையையும் எண்ணிக்கையையும் அதில் பார்க்காமல் அடிக்க வந்துவிட்டால் பில் போடும் ஆள் உங்களைத் தேடி வருவார்.

மின்வாரியத்துக்கோ மாநகராட்சிக்கோ கடிதம் போட வேண்டும் என்றால் தமிழும் வேண்டும். நான் சிபாரிசு செய்வது தமிழ்99 கீபோர்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் உருவாகி அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ நான்கே தட்டு, நடுவிலுள்ள புள்ளி தானாக விழும். 'தந்தை' அடிக்கும்போதும் அப்படியே, ந-வுக்குப் பிறகு த வந்தால் புள்ளி தானே வந்து உட்காரும். தமிழை ஆங்கில எழுத்தில் நினைக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, வேர்டுக்கு வருவோம். இதில் நான் பார்க்கிற நோய் ஒன்றே ஒன்று: ஸ்பேஸ்பார். தேதியை வலது ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ், தலைப்பை நடுவில் வைக்க ஸ்பேஸ், அடுத்த பக்கத்துக்குப் போக என்டர் மேல் என்டர். அடித்த அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். மறுபடி அதே கடிதத்தைத் திறந்து 'மே 5' என்பதை 'செப்டம்பர் 15' என்று மாற்றினால் தேதியின் வால் அடுத்த வரிக்கு விழும். மேலே ஒரு வரி கூட்டினால் கையெழுத்து மட்டும் தனியாக இரண்டாம் பக்கம் போய் நிற்கும். கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், ஸ்பேஸ் எல்லாம் புள்ளியாகவும், டேப் (ஒரே தட்டில் குறித்த இடத்துக்குத் தாவும் விசை) அம்புக்குறியாகவும், என்டர் ஒரு குறியாகவும் தெரியும். புதிதாக வரும் யாருக்கும் நான் முதலில் காட்டுவது இதைத்தான். வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் டேப்போ வலது அலைன்மெண்டோ போட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். புதுப் பக்கத்துக்கு கன்ட்ரோல் என்டர் போதும்.

டேப் என்பது டைப்ரைட்டரிலிருந்தே வந்தது. இன்ஸ்டிட்யூட்டில் கடிதமும் ஸ்டேட்மெண்டும் அடித்துப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். வேர்டில் அதைவிட நல்ல வசதி ஒன்று இருக்கிறது, டெசிமல் டேப். 85.50, 1,240.00 இரண்டும் புள்ளிக்கு நேர் புள்ளியாக வந்து நிற்கும். நாலைந்து நெடுவரிசை உள்ள விலைப்பட்டியல் என்றால் யோசிக்காமல் டேபிள் போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் காகிதத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்க பையர் அனுப்பும் ஃபைல் லெட்டர் அளவில் இருக்கும், நம் ஏ4 தாளைவிட அகலம் கூட, உயரம் குறைவு. அதைப் பார்க்காமல் பிரிண்ட் கொடுத்தால் ஓரம் வெட்டுப்படலாம். 05/06 என்று தேதி போட்டால் நமக்கு ஜூன் 5, அவர்களுக்கு மே 6. ஷிப்மெண்ட் தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் சிரமம் பெரிது, அதனால் மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுவேன். 1,25,000 என்று நாம் காற்புள்ளி வைப்பது அவர்களுக்குப் புரியாது, 125,000 என்று மாற்றுங்கள். உள்ளூர்க் கடிதத்தில் ரூபாய் குறி வேண்டுமானால், கீபோர்டை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், 4. தொகை வரிக் கடைசியில் உடைந்து 'ரூ.' மேலேயும் எண் கீழேயும் போகாமல் இருக்க, நடுவில் கன்ட்ரோல் ஷிப்ட் ஸ்பேஸ் அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு கடிதத்தைச் சரியாக அமைத்துவிட்டீர்கள் என்றால், பெயரையும் விலையையும் அழித்துவிட்டு அதை டெம்ப்ளேட்டாகச் சேமித்து வையுங்கள். போன மாதக் கடிதத்தைத் திறந்து அதன் மேலேயே அடிக்கிற வழக்கம் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது, ஒரு பையரின் பெயரும் விலையும் இன்னொரு பையருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். டெம்ப்ளேட்டை டபுள் கிளிக் செய்து திறந்தால் ஒவ்வொரு முறையும் புது ஃபைல்தான் வரும், பெயரும் விலையும் இருக்கும் இடம் காலியாக இருக்கும், நீங்களே அடித்து நிரப்பியாக வேண்டும்.