தொண்டையை எரிக்காத மது

தொண்டை எரிய முதல் காரணம் ஆல்கஹாலின் அளவு. புதியவர்கள் லேபிளில் 40 சதவீதம் என்றிருப்பதையே எடுங்கள். 55-ஐத் தாண்டும் காஸ்க் ஸ்ட்ரெங்த் (பீப்பாயிலிருந்து எடுத்து, தண்ணீர் கலந்து இறக்காமல் அடைத்தது) இப்போதைக்கு வேண்டாம்.

என் முதல் தேர்வு ஐரிஷ் விஸ்கி. பெரும்பாலும் மூன்று முறை வடிப்பார்கள், குறைந்தது 3 ஆண்டு மரப்பீப்பாயில் கிடக்கும், புகைவாசம் அபூர்வம். இனிப்பு பிடித்தால் அமெரிக்க விஸ்கியான போர்பன்: சோளம் 51 சதவீதமாவது இருக்கும், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய் வெனிலா மணம் தரும். மெக்சிகோவில் அகாவே என்ற செடியிலிருந்து வடிக்கும் டெக்கீலாவில் 'கோல்ட்' என்ற பெயரை நம்பாதீர்கள், அந்த நிறம் பலசமயம் கேரமல்தான். '100 சதவீத அகாவே' என்று இருக்க வேண்டும்.

30 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் விட்டால் 40 சதவீதம் 30 ஆக இறங்கும். உள்ளே போகும் ஆல்கஹால் மட்டும் குறையாது, ஆகவே சாப்பிட்டபின் மெதுவாக உறிஞ்சுங்கள். ஐஸ் காரத்தை அடக்கும். மணத்தையும் சேர்த்தே அடக்கிவிடும்.