கரண்ட் வேண்டாம் என்றுதானே

"கரண்ட் வேண்டாம் என்றுதானே சிஸ்டர், முழுதாக எடுத்தோம்?"

மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுக்கு, 'கரண்ட்' என்று சொல்வார்களே அதற்கு, மனைவியை அழைத்து வந்த அன்று கணவர் கேட்டார். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களில் நான்கிலோ அதற்கு மேலோ நோய் இருந்தால், மார்பகத்தை அகற்றிய பிறகும் கரண்ட் வைப்பார்கள் என்று விளக்கினேன். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். ஆனாலும் அவர் கேட்டது அதை மட்டுமா என்று தெரியவில்லை.

மார்பகத்தை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைப்பதா என்று முடிவெடுத்த நாளில் அந்த அம்மாவிடம் தனியாகப் பேசினேன். "கட்டியை மட்டும் எடுக்கத்தான் ஆசை. ஆனால் மூன்று வாரம் தினமும் இவர் என்னோடு வந்தால் லேத் பட்டறையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இவரிடம் சொல்லிவிடாதீர்கள்."

அதற்குச் சற்று முன் வராந்தாவில் கணவர் சொன்னது: "வேலை கிடக்கட்டும் சிஸ்டர். இவள் பயத்தில் தூங்குவதே இல்லை. எடுத்துவிட்டால் நிம்மதியாக இருப்பாள் என்றுதான் எடுக்கச் சொல்கிறேன்."

மனைவி சொன்னதை நான் சொல்லக்கூடாது. சரி. கணவர் சொன்னதை மனைவியிடம் சொல்லியிருக்கலாமே? அவர் ஒன்றும் ரகசியம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தராசின் ஒரு தட்டில் நான் கை வைத்தது போலாகும் என்று அப்போது நினைத்தேன். நம் வேலை விவரம் தருவதுதான். தந்தேன்: தொடக்கநிலைக் கட்டிக்கு இரண்டு வழியிலும் ஆயுள் ஒன்றுதான், அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஆய்வுகள் அதைத்தான் காட்டின. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்காமல் விட்டால் அதே மார்பில் மீண்டும் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடும். எல்லாம் சரியான விவரம். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்த விவரம் ஆய்வில் இல்லை, வராந்தாவில் இருந்தது.

கணவரை உள்ளே அழைத்ததும், "முழுதாகவே எடுத்துவிடலாம்" என்றார் அந்த அம்மா. கணவர் முகம் தெளிந்தது. கேஸ் ஷீட்டில் 'நோயாளியின் விருப்பம்' என்று எழுதினேன். அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

கணுக்களில் நோய் இருந்ததால் எப்படியும் கரண்ட் வைத்திருப்பார்கள். எந்த வழியிலும் அவர் பட்டறைக்கு லீவு போட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்குச் சாதகமா, எதிரா? ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று தோன்றுகிறது. "இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசு" என்கிறாள் உடன் வேலை செய்யும் தோழி. சேர்த்து உட்கார வைத்திருந்தால் அந்த அம்மா பட்டறையைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். கணவர்களை இன்னும் வெளியேதான் உட்காரச் சொல்கிறேன்.