கொல்லைப்புறத்தில் ஒரு ஐஸ் தளம்: பச்சைக் கிறிஸ்துமஸும் பின்னாலேயே வந்த கடுங்குளிரும்

2023 டிசம்பரில் டொராண்டோவைக் குளிர்காலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மூடுபனியும் தூறலும்தான். வெப்பநிலை பத்து டிகிரியை ஒட்டியே நின்றது. விடுமுறைக்கு வந்த உறவினர்கள் கனத்த கோட்டைக் கையில் சுமந்துகொண்டு திரிந்தார்கள். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக் கொல்லையிலோ, பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமுமாக ஒரு மரச்சட்டம், உள்ளே பச்சைப் புல்லோடு கிடந்தது. அதில் தண்ணீர் கட்டி உறையவிட்டு, மகள் ஸ்கேட்டிங் பழக ஒரு தளம் ஆக்குவது என்று இலையுதிர் காலத்திலேயே முடிவு செய்திருந்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மீன் வளர்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

கேலிதான். அவரே தன் மகன் சிறுவனாக இருந்தபோது பல குளிர்காலங்கள் இதே வேலையைச் செய்தவர். இந்த நாட்டில் இது புதுப் பைத்தியமும் இல்லை. ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கி ஆடிப் பழகியது, அவருடைய அப்பா வால்டர் பிராண்ட்ஃபோர்டு வீட்டுக் கொல்லையில் தண்ணீர் விட்டு உருவாக்கிய தளத்தில்தான்.

குளிர் வராத டிசம்பரை எல்லோரும் சபித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது வசதியாகவே இருந்தது. சட்டத்தைத் தாங்க நிலத்தில் இரும்பு முளைகள் அடிக்க வேண்டும். மண் உறைந்துவிட்டால் சம்மட்டிக்கும் இறங்காது. பலகை நிற்க வேண்டிய பலம் எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆழமான முனையில் 21 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், ஆறு மீட்டர் நீளப் பலகையை அது கிட்டத்தட்ட 130 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். முழங்கால் உயரம்கூட இல்லாத தண்ணீர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. பலகைக்குப் பின்னால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முளை, மூலைகளில் இரும்புத் தகடு.

அதைவிட முக்கியமான வேலை மட்டம் பார்ப்பது. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் புல்வெளி சமதளமே அல்ல. ரசமட்டம் பத்து மீட்டர் தூரத்துக்கு எட்டாது என்பதால், நம் ஊர்க் கொத்தனார்களின் மட்டக்குழாய் முறைக்கே போனேன்: கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு மூலைகளில் நிறுத்தி, நீர் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறிப்பது. குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் கணக்கு பிசகிவிடும். விரலால் தட்டித் தட்டி அதை மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். மூலைக்கு மூலை 12 சென்டிமீட்டர் சரிவு இருந்தது. ஆழம் குறைந்த முனையில் ஒன்பது சென்டிமீட்டர், மறுமுனையில் இருபத்தொன்று. சராசரியாகப் பதினைந்து என்று வைத்தால் 9,000 லிட்டர், அதாவது ஒன்பது டன் தண்ணீர்.

சட்டம் தயாரான பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அந்த ஆண்டு எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் ஆண்டு. பசிபிக் பக்கமிருந்து வந்த மிதமான காற்று கண்டத்தின் குறுக்கே வீசி, ஆர்க்டிக் காற்றை வடக்கிலேயே நிறுத்தி வைத்திருந்தது. 2024 புத்தாண்டு அன்று ஐம்பெரும் ஏரிகளின் பரப்பில் அரை சதவீதம்கூட உறைந்திருக்கவில்லை. ஐம்பது ஆண்டுப் பதிவுகளில் அந்த நாளுக்கு அதுவே மிகக் குறைவு. ஏரியே உறையாத ஊரில் கொல்லையில் குளம் கட்டி உறையவைக்கப் பார்க்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

எப்போது தண்ணீர் விடுவது என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சாரமே இருக்கிறது. வாட்டர்லூவில் இருக்கும் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் 2013-இல் 'ரிங்க்வாட்ச்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கொல்லையில் தளம் போடுகிறவர்கள் ஸ்கேட்டிங் செய்ய முடிந்த நாட்களைப் பதிவு செய்ய வேண்டும். அதை வைத்துக் குளிர்காலம் எப்படி மாறுகிறது என்று அவர்கள் பார்க்கிறார்கள். அதிலிருந்து கிடைத்த எளிய அளவுகோல்: நாளின் சராசரி வெப்பநிலை மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் தளம் தேறும். பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு மீளும் நாட்களால் பயனில்லை.

காரணம் எளிது. ஒரு கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். ஒன்பது டன்னுக்குக் கணக்கிட்டால் 830 யூனிட் மின்சாரத்துக்கு மேல் வருகிறது. ஒன்டாரியோவில் ஒரு சராசரி வீட்டின் மாத மின் நுகர்வு என்று சொல்லப்படுவதே 700 யூனிட்தான். இவ்வளவையும் காற்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலே உறைந்த கட்டியே கீழே இருக்கும் தண்ணீருக்குப் போர்வையாகிவிடுவதால், கனம் கூடக் கூட உறையும் வேகம் குறைகிறது. இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் 1891-இல் துருவக் கடல் பனிக்கட்டியை வைத்து எழுதிய சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: இரு மடங்கு கனம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு குளிர் செலவாகும். கொல்லைத் தளத்துக்கு ஆழம் குறைவாக இருப்பதே நல்லது என்று அண்ணன் அடித்துச் சொன்னதற்கு அறிவியல் ஆதாரம் கிடைத்ததில் எனக்கு அற்ப மகிழ்ச்சி.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் முன்னறிவிப்புப் படம் தலைகீழானது. மேற்கில்தான் முதலில் இறங்கியது. ஆல்பர்ட்டாவில் மைனஸ் 40-ஐத் தாண்டிய குளிர். ஜனவரி 13 மாலை, மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்று மாகாணம் முழுக்கக் கைப்பேசிகளில் அவசர எச்சரிக்கை ஒலித்தது. அதே குளிர்காற்று, ஐம்பெரும் ஏரிகளில் ஒன்றான உறையாத ஈரி ஏரியின் மேல் வீசி ஈரத்தை அள்ளிக்கொண்டதும், எதிர்க்கரையில் அமெரிக்காவின் பஃபலோவில் பனிப்பொழிவு கொட்டித் தீர்த்து, ஜனவரி 14-இல் நடக்க வேண்டிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். வெதுவெதுப்பான டிசம்பர் ஏரியில் சேமித்து வைத்திருந்த வெப்பத்துக்கு அது வட்டி.

எங்களுக்குப் புயலின் ஓரம்தான் கிடைத்தது. அது ஓயும் வரை பொறுத்தேன். நிற்கும் தண்ணீரில் வெண்பனி விழுந்தால் கூழாகி, அது உறையும்போது தளம் முழுக்கச் சொரசொரப்பாகிவிடும். வானம் தெளிந்ததும் சட்டத்துக்குள் விழுந்ததை வழித்தெறிந்துவிட்டு வெள்ளைத் தார்ப்பாயை விரித்தோம். வெள்ளைதான் வேண்டும். கட்டியை ஊடுருவி வரும் வெயிலைக் கரும்பாயோ நீலப்பாயோ உறிஞ்சிக்கொண்டு அடியிலிருந்து கரைக்கத் தொடங்கும். தார்ப்பாயை முன்கூட்டியே விரித்து வைக்கக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு. காற்று கிழிக்கும், மேப்பிள் இலை நிறையும், அணில் கடிக்கும்.

தண்ணீருக்கு வெளிக்குழாய் கிடையாது. நவம்பரிலேயே உள்ளிருந்து மூடி வடித்துவிடுவோம், இல்லாவிட்டால் சுவருக்குள் குழாய் வெடிக்கும். நிலவறையில் துணி துவைக்கும் இடத்துக் குழாயிலிருந்து ஜன்னல் வழியாக ரப்பர் குழாயை வெளியே விட்டேன். நிமிடத்துக்குப் பதினேழு லிட்டர் வந்தது. காலையில் திறந்தது இருட்டிய பிறகுதான் நிரம்பியது. நடுவில் நிறுத்தவே கூடாது, குழாய்க்குள் நின்ற தண்ணீர் உடனே கட்டியாகிவிடும். மனைவி மட்டும் திறந்த ஜன்னல் வழியாக வெளியேறும் சூட்டையும் எரிவாயுக் கட்டணத்தையும் பற்றி அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவே கண்ணாடித்தாள் போல ஓர் ஆடை படிந்தது. மறுநாள் மைனஸ் 12. அதன்மேல் ஏறிப் பார்க்கக் கால் துறுதுறுத்தது, ஏறவில்லை. பாதி உறைந்ததை மிதித்து உடைத்தால் துண்டுகள் சாய்ந்து நின்றபடியே உறையும், பிறகு அந்தப் பருவம் முழுக்க மேடு பள்ளம்தான். மர டிரில்லில் எட்டு சென்டிமீட்டரில் ஒரு சிவப்பு நாடா சுற்றி, ஆழமான முனையில் துளையிட்டுப் பார்ப்பேன். நாடா வரை வெள்ளைத் தூளாகவே வந்தால் நல்லது. ஈரம் கசிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ரொம்ப ஆழமாக இறக்கவும் கூடாது, கீழே தார்ப்பாய் இருக்கிறது. இரவில் படுக்கையறை வரை 'டொக்' என்று சத்தம் கேட்கும். குளிர் ஏற ஏறக் கட்டி சுருங்கி விரிசல் விடும் சத்தம் அது. விரிசலால் ஆபத்தில்லை, மேலே மெல்லிசாகத் தண்ணீர் விட்டு உறையவைக்கும் அடுத்த பூச்சில் அடைந்துவிடும்.

பூச்சுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. குறுக்காக ஒரு பிளாஸ்டிக் குழாய், அதில் வரிசையாகத் துளைகள், பின்னால் தொங்கும் பழைய குளியல் துண்டு, நடுவில் பிடித்து இழுக்க ஒரு கம்பு. உள்ளே வெந்நீர். வெந்நீர் பழைய கீறல்களைச் சற்றே கரைத்து ஒட்டிக்கொள்கிறது. மைனஸ் 15-இல் குளிர்ந்த நீரை விட்டால் பரவுவதற்கு முன்பே உறைந்து அலை அலையாக நின்றுவிடுகிறது. இந்த வகையில் கடுங்குளிரைவிட மைனஸ் 8 எவ்வளவோ மேல். மகள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு முதலில் நடந்தாள், பிறகு நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தபடி வேலி வரை வழுக்கிக்கொண்டு போய் முட்டினாள். உடனே திரும்பி அதையே மறுபடியும் செய்தாள்.

ஒட்டாவாவின் ரிடோ கால்வாயில் உலகின் மிகப் பெரிய ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது, 7.8 கிலோமீட்டர் நீளம். முந்தைய குளிர்காலத்தில், அதன் வரலாற்றிலேயே முதல்முறையாக, ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. இந்தக் குளிரில் ஜனவரி 21 அன்று ஒரு பகுதியைத் திறந்து, சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள். எங்களுடையதும் அதே கதிதான். மாதக் கடைசியில் மழையும் மூடுபனியும் திரும்பி வந்து, தளத்தின் மேல் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கனடா முழுவதற்கும் 1948 முதல் உள்ள பதிவுகளில் மிக வெதுவெதுப்பான குளிர்காலம் அதுவே என்று பிறகு அறிவித்தார்கள்.

கரைந்த விதத்தைக் கவனித்ததில் அடுத்த ஆண்டுக்கு ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. வடக்கு ஓரம் வெயில் பட்டுப் பலகையை ஒட்டி முதலில் இளகியது. தெற்கு வேலியின் நிழலில் இருந்த பகுதி கடைசி வரை கல்லாக நின்றது. சட்டத்தை அப்படியே இரண்டு மீட்டர் தெற்கே நகர்த்தி, ஆழத்தையும் கொஞ்சம் குறைக்கப் போகிறேன். தண்ணீருக்கு ஆன செலவு நாற்பது டாலரை ஒட்டித்தான். மரத்துக்கும் தார்ப்பாய்க்கும் ஆனதை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணன் தன் கராஜில் தூசி படிந்து கிடக்கும் கோல் வலையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு டிசம்பரில் அவருடைய பேரனுக்கும் இடம் கொடுக்க வேண்டுமாம்.