ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஜெபிக்கப் போகிறவர்களுக்கு

வேலூர்ல ஆபரேஷனுக்காக லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கப் போற சபையாரே, போனதும் ஜெபத்தை ஆரம்பிச்சிடாதீங்க. உட்காருங்க. அவங்க பேசி முடிக்கட்டும்.

அப்புறம் சங்கீதம் 13 வாசிங்க. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துல மட்டும் நாலு தடவை “எதுவரைக்கும்”னு கேட்கிறார் தாவீது. கிருபையின்மேல் நம்பிக்கை ஐந்தாம் வசனத்துலதான் வருது. கேள்விகளை விட்டுட்டு அதை மட்டும் வாசிக்காதீங்க. பயத்தைக் கர்த்தரிடம் சொல்றதும் விசுவாசம்தான்.

ஜெபம் மூணு நிமிஷம் போதும். நோயாளி, டாக்டர், மயக்க மருந்து கொடுக்கிறவர், நைட் டூட்டி நர்ஸ், எல்லாருக்காகவும் கேளுங்க. “நிச்சயம் சுகம்”னு நீங்களா வாக்கு கொடுக்காதீங்க. ரிசல்ட் வேற மாதிரி வந்தா “என் விசுவாசம் பத்தலையோ”ன்னு அவங்க உள்ளுக்குள்ளேயே நொந்து போவாங்க.

அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துன்னா முந்தின நாள் சாயங்காலமே, நர்ஸைக் கேட்டுட்டு. காலையில வெறும் வயிறா இருக்கணும். வயிற்றில் இருக்கிறது மயக்கத்துல நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை உள்ளவங்களை உபவாசத்துக்குக் கூப்பிடாதீங்க. இன்சுலின் போட்டுட்டுப் பட்டினி இருந்தா சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கி விழுந்துடுவாங்க.

வியாதியில் சாகக் கிடந்த யூதா ராஜா எசேக்கியாவின் ஜெபத்தைக் கேட்டு ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார் கர்த்தர். அதே ஏசாயா 38-லதான் அவருடைய பிளவைக்கு, அதாவது கட்டிக்கு, அத்திப்பழப் பற்றும் போடச் சொல்லியிருக்கு. மாத்திரையை நிறுத்தச் சொல்றவங்களுக்கு அந்த அதிகாரத்தைக் காட்டுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி, ராத்திரி கூட யார் இருக்காங்க, சாப்பாடு யார் கொண்டுவருவாங்கன்னு கேளுங்க. ஆள் இல்லைன்னா சபையிலிருந்து ஒருத்தரை அனுப்புங்க.