அன்றிரவு விளக்கை அணைத்தேன்

"கையால தள்ளிடலாம் சார், விடிய நாலு மணி நேரம்தானே" என்றார் என்னோடு வேலை பார்த்த அண்ணன். வேண்டாம் என்றேன். ஆறு வருடமாகியும் இந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை.

நடு இரவு தாண்டி ஒன்றே முக்கால் மணிக்கு எங்கள் கலங்கரை விளக்கத்தில் லென்ஸைச் சுழற்றும் கியரில் பல் உடைந்து சுற்று நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, லென்ஸ் அசையவில்லை. கரையில் இருப்பவர்களுக்கு வெளிச்சம்தான் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் லென்ஸ் நின்றுவிட்டால் அது பார்த்து நிற்கும் திசையில் மட்டும் விளக்கு விடாமல் எரிவதாகத் தெரியும், மற்ற திசைகளில் கிட்டத்தட்ட இருட்டு. எங்கள் அடையாளம் 15 வினாடிக்கு இரண்டு முறை மின்னுவது. கப்பல்காரர் அதை எண்ணித்தான் இது எந்தத் தீவு என்று முடிவு செய்வார். எண்ணிக்கை மாறினால் அவருக்கு நாங்கள் வேறு ஏதோ ஒரு விளக்கு.

அதனால் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தானாகவே மின்னும் அவசர விளக்கை ஏற்றினேன், வயர்லெஸ்ஸில் தகவல் சொன்னேன், கப்பல்களுக்கு எச்சரிக்கை போனது. அவசர விளக்கு எட்டும் தூரம் பாதிகூட இல்லை. விதிப்படி செய்தது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அண்ணன் சொன்னதும் ஒன்றும் வெறும் வீம்பு இல்லை. எங்கள் லென்ஸ் பாதரசத் தொட்டியில் மிதப்பது. இரண்டு டன்னுக்கு மேல் எடை, ஒரு விரலால் தள்ளினால் நகரும். மோட்டார் வருவதற்கு முன்னால் கோபுரத்துக்குள் தொங்கும் எடை மெல்ல இறங்கி லென்ஸைச் சுழற்றும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதை மேலே ஏற்றிவிட வேண்டும், அது பழுதானால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கையால் தள்ளியே இரவைக் கடத்தியிருக்கிறார்கள். 1823-ல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஃபிரனெல் என்ற விஞ்ஞானி தான் வடிவமைத்த லென்ஸை ஏற்றியதிலிருந்து எத்தனையோ கோபுரங்களில் எத்தனையோ பேர் இப்படி விழித்திருப்பார்கள். அண்ணனுக்கு ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருந்தது. வயதில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர், பதவியில் எனக்குக் கீழ்.

அவரிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "தப்பான வெளிச்சத்துக்கு இருட்டே மேல்." யோசித்துச் சொன்னதில்லை, அவ்வளவு அழகாக வாயில் வந்துவிட்டது. அதுதான் உறுத்துகிறது. அவர் ஒன்றும் பேசாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு லென்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கீழே போய்ப் படுங்கள் என்றேன், போகவில்லை.

பாதரச ஆவி இருக்கும் அறையில் இந்த வயதில் ஒருவரை நாலு மணி நேரம் நிற்க வைக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான காரணம்தான், அறிக்கையிலும் எழுதினேன். ஆனால் அந்தக் காரணம் எனக்கு மறுநாள் அறிக்கை எழுதும்போதுதான் தோன்றியது. அந்த நேரத்தில் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: கை பிசகினால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

காலையில் ஒரு படகு வந்தது. இரவு தூரத்தில் இருந்தபோது விளக்கைக் காணவில்லை, பாறைக்குப் பயந்து வெளியிலேயே நின்று விடிந்ததும்தான் வந்தோம் என்றார்கள். எச்சரிக்கை கேட்க அவர்களிடம் வயர்லெஸ் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "என்ன ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் "மெஷின் பழுது" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வெளியில் நின்றது என் முடிவு சரி என்பதற்கு அத்தாட்சியா, இல்லை அண்ணன் சொன்னதற்கா? எனக்கு இரண்டு மாதிரியும் தோன்றுகிறது. இருட்டாக இருந்ததால்தான் கவனமாக நின்றார்கள், அதே இருட்டால்தான் இரவு முழுக்கக் கடலில் கிடந்தார்கள்.

புதிதாக வருகிற பையன்களுக்கு இன்றும் அணைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அடையாளம் கெட்டால் அணை, அவசர விளக்கை ஏற்று, தகவல் சொல்.

அண்ணன் ஓய்வுபெற்றுப் போன பிறகு ஒரு நாள், வெயில் லென்ஸில் குவிந்து தீப்பிடிக்காமல் இருக்கப் பகலில் இழுத்துவிடும் திரையெல்லாம் மூடியிருக்க, கியரைக் கழற்றிவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டு நானே தள்ளிப் பார்த்தேன். 15 வினாடிக்கு ஒரு சுற்று. பன்னிரண்டாவது சுற்றில் கொஞ்சம் பிந்தினேன், பதின்மூன்றில் சரியாகிவிட்டது. அதற்கு மேல் எண்ணாமல் இறங்கி வந்துவிட்டேன்.